டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு அளந்து பாருங்கள்

“தம்பி, சர்வர் ஸ்லோவா இருக்குன்னு எல்லாரும் புலம்பறாங்க. மூணு கொட்டேஷன் வாங்கி, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

சொல்லிவிட்டு எம்.டி. அடுத்த போனை எடுத்துவிடுவார். நாற்பது, ஐம்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை, சிசிடிவி எல்லாமே ஒரே ஆளின் தலையில்தான் விடிகிறது. அந்த ஆள் நீங்கள் என்றால் மேலே படியுங்கள்.

கொட்டேஷன்கள் வந்து சேரும். ஒன்று ரெடிமேட் நாஸ் பெட்டி. இன்னொன்று, சர்வர் வாங்கி அதில் ட்ரூநாஸ் போன்ற மென்பொருளை ஏற்றித் தருகிறோம் என்பது. மூன்றாவது, இரட்டைக் கன்ட்ரோலர் வைத்த சேன். விலையைப் பார்த்தாலே வியர்க்கும். எல்லாவற்றிலும் டெராபைட் கணக்கு, ‘நொடிக்கு 2,000 எம்பி’, ‘10 லட்சம் மணி நேர ஆயுள்’. எக்செல்லில் மூன்று கட்டம் போட்டு, குறைந்த விலைக்குப் பச்சை அடித்து அனுப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. ஆறு மாதம் கழித்து அதே புலம்பல் திரும்ப வரும். இந்த முறை உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டு.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். விவரமானவர் வண்டியில் பூட்டி மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குள் கையை விடுவார். ஸ்டோரேஜுக்கும் அந்த மேடு வேண்டும். நல்ல நாளில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும். ஒரு டிஸ்க் செத்துக் கிடக்கையில் எப்படி ஓடுகிறது, கரண்ட் போன நொடியில் என்ன செய்கிறது, அழிந்துபோன ஃபோல்டரை எத்தனை மணியில் திருப்பித் தருகிறது? மூன்று கொட்டேஷனையும் ஒப்பிட வேண்டிய இடம் இதுதான்.

பெட்டிக்கு முன்னால் கம்பி

ஒரு ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போக வழியில்லை. நடைமுறையில் 110 சொச்சம். இரண்டே டிஸ்க் உள்ள சின்னப் பெட்டிகூட அதை நிரப்பிவிடும். ஆகவே உங்கள் ஸ்விட்ச் ஜிகாபிட் என்றால், பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது 40 ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் 4 லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் வித்தியாசமே தெரியாது.

‘ரெண்டு கேபிளைச் சேர்த்துக் கட்டினா டபுள் ஸ்பீடு சார்’ என்பார் டீலர். பாதி உண்மை. லிங்க் அக்ரிகேஷனில் ஒருவர் செய்யும் ஒரு காப்பி ஒரே கம்பி வழியாகத்தான் போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் இரண்டாவது கம்பிக்கு வேலை. ஒரே ஆளுக்கும் வேகம் கூட வேண்டுமென்றால் எஸ்எம்பி மல்ட்டிசேனல் இரு பக்கமும் வேலை செய்ய வேண்டும், அல்லது 2.5, 10 ஜிகாபிட்டுக்கு மாற வேண்டும். 2.5 ஜிகாபிட், சுவருக்குள் ஏற்கனவே கிடக்கும் கேட்5இ கம்பியிலேயே 100 மீட்டர் வரை ஓடும். 10 ஜிகாபிட்டுக்கு கேட்6 என்றால் 55 மீட்டர், கேட்6ஏ என்றால் 100 மீட்டர்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். ஜிகாபிட் கம்பியில் 940 எம்பிபிஎஸ் அளவில் காட்ட வேண்டும். 94 என்று காட்டினால், கம்பிக்குள் ஏதோ ஒரு ஜோடி அறுந்து இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘சர்வர் ஸ்லோ’ என்று ஒரு டிபார்ட்மென்ட்டே மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்ததற்கு ஃபால்ஸ் சீலிங்குக்குள் எலி கடித்த கேபிள் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். செலவு, ஒரு கேபிளும் அரை நாள் கூலியும்.

எந்த வேகம்?

கொட்டேஷனில் போட்டிருக்கும் எம்பி கணக்கு, ஒரே நீளமான ஃபைலை அடியிலிருந்து நுனி வரை படிக்கும் வேகம். சிவகாசி அச்சகத்தில் காலண்டர் டிசைன், வீடியோ எடிட்டிங், சிசிடிவி பதிவு, இவர்களுக்கு அது பொருந்தும். டேலி டேட்டாவை ஷேர்டு ஃபோல்டரில் வைத்துப் பத்துப் பேர் பில் போடும் இடத்துக்குப் பொருந்தாது. அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி வாசிப்புகளும் எழுத்துகளும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அதில் பாதி. தலை நகர்ந்து போக மேலும் 8, 9 மில்லிசெகண்ட். எல்லாம் சேர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 80 வேலை. இதைத்தான் ஐஓபிஎஸ் என்கிறார்கள். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 320 கேபி. ஆமாம், நொடிக்கு 200 எம்பி என்று அட்டையில் மார்தட்டும் அதே டிஸ்க்தான்.

இப்படி நான்கு டிஸ்க் போட்டால் 320 ஐஓபிஎஸ். படிக்க மட்டும். எழுதும்போது ரெய்டு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதியது இரண்டையும் எழுது என்று நான்கு வேலை. கையில் மிஞ்சுவது 80. ரெய்டு 6-இல் ஆறு வேலை, மிஞ்சுவது 53. ரெய்டு 10-இல் இரண்டே வேலை, 160 தேறும். நான்கு டிஸ்க் வாங்கி, ஒரே டிஸ்க்கின் எழுது வேகத்துக்குத் திரும்பி வருவதை எந்த கொட்டேஷனும் சொல்லாது. டேலி, ஈஆர்பி டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் எல்லாம் எஸ்எஸ்டியில். பழைய ஃபைல், பேக்கப், வீடியோ சாதா டிஸ்க்கில். இப்படிப் பிரித்தாலே பாதிப் புலம்பல் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே பெரிய வால்யூமில் கொட்டுவது சோம்பேறித்தனம்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஓர் ஓட்டை மாற்ற பக்கத்து ஓடுகளையும் கழற்ற வேண்டும். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில் வெஸ்டர்ன் டிஜிட்டல் இந்த நுட்பத்தைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்தது. செத்த டிஸ்க்குக்குப் பதில் போட்டவர்களுக்கு ரெய்டு மறுகட்டுமானம் முடியாமல் இழுத்ததால்தான் விஷயமே வெளியே தெரிந்தது. பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயரில் பிரித்தார்கள்.

10 லட்சம் மணி நேரம்

114 ஆண்டு. எந்த டிஸ்க்கும் அவ்வளவு காலம் ஓடியதில்லை, ஓடப்போவதும் இல்லை. அது கூட்டத்துக்கான சராசரிக் கணக்கு. அதன்படியே பார்த்தால் ஆண்டுக்கு 0.88 சதவீத டிஸ்க்குகள் பழுதாக வேண்டும். பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜம் என்று கண்டார்கள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் தன் பழுதுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது: 2021-இல் 1.01 சதவீதம், 2022-இல் 1.37, 2023-இல் 1.70. மாடல் வாரியாகவும் இருக்கிறது. வாங்குமுன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு டிஸ்க் பெட்டி ஐந்து ஆண்டு ஓடினால் ஒன்றாவது சாக 45 சதவீத வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவது மாதிரிதான். ‘டிஸ்க் செத்தால்’ என்று எம்.டி.யிடம் பேசாதீர்கள், ‘டிஸ்க் சாகும் அன்று’ என்று பேசுங்கள்.

அன்று என்ன நடக்கும்? புது டிஸ்க்கைப் போட்டதும் மறுகட்டுமானம் தொடங்கும். 16 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 200 எம்பி, இடையூறே இல்லை என்றால் 22 மணி நேரம். அலுவலகமும் கூடவே வேலை பார்த்தால் நாட்கணக்கு. ரெய்டு என்ற யோசனையை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதியபோது அவர்கள் கணக்கில் எடுத்த சின்ன டிஸ்க்கின் கொள்ளளவு 100 எம்பி. இன்றைய 16 டெராபைட் அதைப்போல 1,60,000 மடங்கு. படிக்கும் வேகம் அந்த அளவில் ஏறவே இல்லை. அதனால்தான் பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 வேண்டாம் என்கிறோம்: ஒன்று போய் மறுகட்டுமானம் ஓடும் அந்த ஓரிரு நாளும் நீங்கள் வலையில்லாத கழைக்கூத்தாடி.

‘ரெண்டு டிஸ்க் ஒரே நாள்ல எங்க சார் சாகும்?’ சாகும். ஒரே நாளில் பிறந்திருந்தால். ஹெச்பிஇ விற்ற சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அடியோடு செத்துவிடும், உள்ளே இருப்பதையும் மீட்க முடியாது என்று அந்த நிறுவனமே 2019 நவம்பரில் எச்சரித்தது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. ஃபர்ம்வேருக்குள் ஒரு பிழை. ஒரே பெட்டியில் ஒரே நாளில் ஏறிய டிஸ்க்குகளின் கடிகாரம் ஒன்றுதான், ரெய்டு என்ன செய்ய முடியும்? 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. ஃபர்ம்வேர் அப்டேட்டை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். டிஸ்க்குகளை இரண்டு வேறு லாட்டிலிருந்து கேளுங்கள். டீலர் முணுமுணுப்பார், தருவார்.

டெமோ பெட்டியை வதைப்பது

‘ஒரு வாரம் டெமோ யூனிட் அனுப்புங்கள், டெஸ்ட் செய்துவிட்டு பிஓ போடுகிறோம்’ என்று மெயில் அனுப்புங்கள். இந்த ஒரு வரியிலேயே சில டீலர்கள் உதிர்ந்துவிடுவார்கள். நல்லது.

முதலில் நோயில்லாத உடம்பை அளக்க வேண்டும். எஃப்.ஐ.ஓ. என்ற இலவசக் கருவி போதும். டெஸ்ட் ஃபைல், பெட்டியின் ரேமைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். இல்லையென்றால் ரேமை அளந்துவிட்டு டிஸ்க் என்று எழுதிவைப்பீர்கள். ஃபைலில் வெறும் பூஜ்யம் வேண்டாம். கம்ப்ரஷன் இருக்கும் பெட்டி பூஜ்யங்களை ஊதித் தள்ளிவிட்டு வானளாவிய வேகம் காட்டும். 4 கேபி அளவில், 70 சதவீதம் படிப்பு, 30 சதவீதம் எழுத்து என்று அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் கேஷ் பேசும், அப்புறம்தான் டிஸ்க் பேசும்.

சராசரியைக் குறிக்காதீர்கள். 100 கோரிக்கையில் 99 எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிகிறது என்பதைக் குறியுங்கள். திரை உறைந்து நின்றால்தான் அக்கவுண்ட்ஸ் அக்கா உங்களுக்கு போன் போடுவார்; சராசரியைப் பார்த்து யாரும் போன் போடுவதில்லை. இதே அளவை இப்போதைய சர்வரிலும் எடுங்கள், அதுவும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று கெடு நெருக்கும் நாட்களில்.

இனி மேடு. பத்து கம்ப்யூட்டர்களிலிருந்து காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். பீப் சத்தம் வருகிறதா, உங்களுக்கு மெயில் வருகிறதா, அந்த 99 என்ன ஆகிறது? 15 மில்லிசெகண்டில் இருந்தது 40 ஆனால் பிழைத்துக்கொள்ளலாம். 900 ஆனால், டிஸ்க் சாகும் அன்று உங்கள் அலுவலகத்துக்கு விடுமுறைதான். வேறு டிஸ்க்கைப் போட்டு, வேலையும் ஓட, மறுகட்டுமானத்துக்கு எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். என் அனுபவத்தில் விலையுயர்ந்த பெட்டியும் மலிவான பெட்டியும் பிரியும் இடம் இதுதான். நல்ல உடம்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்து கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் கேபிளைப் பிடுங்குங்கள். திரும்ப எழுந்து வர எவ்வளவு நேரம், எழுதியதாகச் சொன்ன ஃபைல் உண்மையில் இருக்கிறதா, கெட்டிருக்கிறதா? ‘எழுதிவிட்டேன்’ என்று பொய் சொல்லி வேகம் காட்டும் பெட்டிகள் இங்கே மாட்டும். யூபிஎஸ் இருந்தால் அதற்கும் நாஸுக்கும் நடுவே யூஎஸ்பி கேபிள் போட்டு, பேட்டரி தீருமுன் தானாக ஷட்டவுன் ஆகிறதா என்றும் பாருங்கள். யூபிஎஸ்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு அந்தக் கேபிளை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவைத்த அலுவலகங்கள் ஏராளம்.

கடைசியாக, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு சப்போர்ட் நம்பருக்கு போன் போடுங்கள். எடுக்கிறார்களா? பெட்டியே செத்தால் மாற்றுப் பெட்டி எந்த ஊரிலிருந்து வரும், இந்த டிஸ்க்குகளை அப்படியே அதில் செருகினால் டேட்டா வருமா? இதெல்லாம் வாய்ப்பேச்சாக இல்லாமல் மெயிலில் வரட்டும். எந்த கம்பெனி டிஸ்க்கையும் போடலாமா என்பதையும் கேளுங்கள். சைனாலஜி தன் 2025 ப்ளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்க் மட்டும்தான் என்று கெடுபிடி செய்து, எதிர்ப்பு கிளம்பியபின் அதே ஆண்டு அக்டோபரில் தளர்த்தியது. டிஸ்க் செத்த அன்று உள்ளூர்க் கடையில் கிடைப்பதைப் போட முடியாவிட்டால், குறைந்த விலையில் வாங்கியதற்கு அர்த்தமில்லை.

பெட்டி முழுதும் போனால்

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பகத்தில் 858 டெராபைட் போயே போய்விட்டது. அளவு பெரிது என்பதால் வெளியே நகலே வைத்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் இணையத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் ரெய்டு ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தரைத்தளத்து சர்வர் ரூமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு கொட்டேஷனிலும் பேக்கப்பையும் சேர்த்தே விலை கேளுங்கள். இல்லாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். பெட்டிக்குள் ஸ்னாப்ஷாட், வேறு கட்டடத்தில் இரண்டாவது நாஸ், யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிய ஒரு நகல் கிளவுடில். எதிலிருந்து மீட்க எவ்வளவு நேரம் என்று கணக்கும் போட்டுவிடுங்கள். 10 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் இணையத்தில் கிளவுடிலிருந்து இறக்க 9 நாளுக்கு மேல் ஆகும். அதே 10 டெராபைட் இரண்டாவது நாஸிலிருந்து ஜிகாபிட் கம்பியில் சுமார் 25 மணி நேரம். ‘கிளவுடுல இருக்குல்ல’ என்று நிம்மதியாக இருக்கும் எம்.டி.யிடம் இந்த 9 நாளைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது பெட்டிக்குப் பணம் பெரும்பாலும் அங்கேயே பிறந்துவிடும்.

எம்.டி. மேசையில் ஒரே தாள்

மூன்று டிபார்ட்மென்ட் தலைவர்களிடம் இரண்டு கேள்வி: எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்குவீர்கள்? எத்தனை மணி நேர வேலை தொலைந்தால் திரும்பச் செய்துகொள்வீர்கள்? எல்லாரும் முதலில் ‘நிற்கவே கூடாது’ என்பார்கள். சேன் விலையைக் காட்டினால் ‘ஒரு நாள் பரவாயில்லை’ என்று இறங்கி வருவார்கள். அந்தப் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் உங்களைக் காப்பது அதுதான்.

தாளில் மேலே பணம். 40 பேர், சம்பளம் மணிக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும், 16 மணி நேர முடக்கத்துக்கு 1,28,000 ரூபாய். போகாத சரக்கும் கோபித்த பாயரும் தனி. அதற்குக் கீழே சட்டம்: கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும், மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022-இல் விதி மாறியது. ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் தாளுக்கு எடை கூடும். பிறகு மூன்று பெட்டிகளுக்கும் நான்கே எண்: நல்ல நாளின் 99, டிஸ்க் போன நாளின் 99, மறுகட்டுமான மணி, முழு மீட்பு மணி. விலை கடைசியில்.

என் பரிந்துரையைக் கேட்டால், இந்த அளவு அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ரெடிமேட் நாஸ் இரண்டு, டேட்டாபேஸுக்குக் கொஞ்சம் எஸ்எஸ்டி; முடிந்தது. இரட்டைக் கன்ட்ரோலர் சேன், ஒரு மணி நேரம் நின்றால் லைன் நிற்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும். ட்ரூநாஸ் எனக்குப் பிடித்தது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்து, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் டேட்டாவையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நீங்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் அதைத் தொடத் தெரிந்த இரண்டாவது ஆள் அலுவலகத்தில் உண்டா? இல்லையென்றால் வேண்டாம். தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத பெட்டியை வைத்திருப்பது வேலைக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். லீவு கிடைக்காது, அவ்வளவுதான்.

இந்தத் தாளின் நகலொன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனிப் பெயரை அடித்துவிட்டு. அடுத்த இன்டர்வியூவில் ‘நீங்களே எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ‘டிஸ்க்கைப் பிடுங்கி அளந்தேன், 40 மில்லிசெகண்டுக்கு மேல் போகவில்லை’ என்று ஆரம்பிக்கலாம்.

பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். செத்ததை விட்டுவிட்டு நல்லதை உருவியவர்கள் உண்டு. அதே மாடலில் ஓர் உபரி டிஸ்க் வாங்கி பீரோவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவதொரு ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து மீட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று தேதி போட்டு ரேக் கதவில் ஒட்டிய தாளில் குறியுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.